தகரமும் மடிப்பும்

எங்கள் சலவைக் கடைக்கு வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவோம். துணியின் பைக்குள் என்ன இருந்தாலும் எடுத்து உறையில் போட்டு ஒட்டி, துணியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பற்றி வீட்டிலும் பேசக் கூடாது, கடைக்குள்ளும் பேசக் கூடாது. கறையும் அப்படித்தான். என்ன கறை என்று கேட்கலாம், எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. இது என் அப்பா வைத்த வழக்கம். அவருக்குப் பிறகு கவுண்டரில் நான் நிற்கிறேன், உள்ளே மெஷின்களைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். இந்த விஷயம் நடக்கும் வரை எங்கள் கடையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே கசிந்ததாக யாரும் எங்களை நோக்கி விரல் நீட்டியதில்லை. எங்கள் குடும்பத்துக்கென்று இருக்கும் பெயர் அதுதான்.

எங்கள் இஸ்திரிக்காரருக்கு ராப் பாட்டு என்றால் உயிர். கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள், தலைக்குச் சாயம் அடிக்கிறார், ஆனால் கேட்பதெல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகளின் பாட்டு. பெயரெடுத்தவர்கள் பாடியது அவருக்கு ஆகாது. நேற்று கிளம்பி வந்தவர்கள், அதிலும் இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து பாடியதுதான் வேண்டும். போனைக் காலியான கஞ்சி டப்பாவுக்குள் நிறுத்தி வைத்தால் சத்தம் நன்றாக எழும்புமாம். கவுண்டர் வரை கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கேட்கத்தான் செய்யும். நான் காதில் விழாதது போல நிற்பேன்.

ஆள் வராத ஒரு மதியம், திட்டுவது போலவே இருக்கிறதே, இதில் அப்படி என்னதான் கண்டீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஒருத்தன் பாதிப் பாட்டைப் பாடி நெட்ல போடுவான்க்கா. மீதிக்குத் தாளம் மட்டும் ஓடும். வர்றவங்க வந்து பாடிக்கட்டும்னு இடம் விட்டு வெச்சிருப்பான். முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தி வந்து அந்த இடத்துல உக்காருவா பாருங்க, அங்கதான் ரெண்டு பேரோட தரமும் தெரியும்."

"பஸ்ல கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி."

"அதேதான். என்ன, கைக்குட்டை போட்டவன் நின்னுக்கிட்டு வருவான்."

அப்படிச் சொல்லிவிட்டு, இதைக் கேளுங்கள், இந்த வாரம் வந்ததிலேயே இதுதான் உருப்படி என்று ஒரு பாட்டைப் போட்டார். பாடியவர்கள் தகரம், மடிப்பு என்ற இருவராம். பெயரைக் கேட்டு நான் சிரித்தேன். முதலில் ஓர் ஆண் குரல் வந்தது. கரகரப்பான குரல், உண்மையிலேயே தகரத்தைத் தரையில் இழுப்பது போல.

பூட்டு வெளிய, மூச்சு உள்ள,
பூட்டின கைய எவனும் சொல்லல.
ஊருக்குத் தெரியல, ஒருத்தருக்குமா தெரியல?
எரிஞ்சவன் என் அண்ணன், எனக்குத் தூக்கம் வரல.

பிறகு பெண் குரல். அது சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

தெரியும், எனக்குத் தெரியும், ஒரு கோட்டுக்கும் தெரியும்,
கையோரம் ஒரு பட்டன் உருகினதும் தெரியும்.
போனது வேற ஊராம், பொய்ய யாரு துவைக்கறது?
புகை மட்டும் இந்த ஊரு, அத எங்க மறைக்கறது?

குரலை நான் அடையாளம் காண்பதற்கு முன்பே பட்டனை அடையாளம் கண்டுவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு எரிந்தது. உள்ளே வேலை செய்த இரண்டு பேர் வெளியே வரவில்லை. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. யார் பூட்டியது என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தான் வேறு ஊரில் இருந்ததாகக் கிடங்கு முதலாளி சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவருடைய சாம்பல் நிறக் கோட்டு எங்கள் கவுண்டருக்கு வந்தது. தோளில் புகை வாடை, வலது கையில் கரி, கையோரத்துப் பட்டன்களில் ஒன்று உருகிச் சப்பையாகியிருந்தது. என்ன கறை என்று கேட்டேன். கரி என்றார் அதைக் கொண்டுவந்த டிரைவர். அதோடு முடிந்தது. நானே என் கையால் துவைத்தேன். அதே போன்ற பட்டனைத் தேடிப் பிடித்துத் தைத்தவள் என் தம்பி மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

அந்தப் பட்டனைப் பற்றித் தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும், கோட்டின் சொந்தக்காரரும், அவருடைய டிரைவரும்தான். இவள் அதைத் தாளத்தில் ஏற்றி ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். அதுவும் மடிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு! சலவைக் கடைக்காரி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டது போல.

இஸ்திரிக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "உங்களுக்கே உடம்பு சிலிர்த்துருச்சு பாத்தீங்களா" என்றார்.

மாலையில் வாலுவைத் துணி தொங்கும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் மறைக்கவில்லை. அந்த அறையில்தான் பாடிப் பதிவு செய்தாளாம். நான்கு பக்கமும் கோட்டுகள் தொங்குவதால் எதிரொலி இருக்காதாம். ஊரார் கோட்டுகளுக்கு நடுவே நின்று ஊராருக்குச் சொல்லியிருக்கிறாள். தாத்தா வைத்த வழக்கத்தை உடைக்க உனக்கு என்ன துணிச்சல் என்று கேட்டேன். அந்தப் பையனுடைய பாதிப் பாட்டு கண்ணில் பட்டதாம். அவன் யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு இடம் விட்டிருந்தானாம். தெரிந்தவள் எப்படிப் பேசாமல் இருப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

"அந்தாளு கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சியாடி?"

"அவரு எங்க, அத்தை, இதையெல்லாம் கேக்கப் போறாரு. எங்களை மாதிரி ஆயிரம் பேர் பாடறாங்க. கேக்கறது எங்க ஆளுங்களும் உங்க இஸ்திரிக்காரரும்தான்."

என் பயத்தைத் தணிக்க வேண்டும் என்று அப்படிப்பட்ட ஆயிரத்தில் சிலவற்றைப் போட்டுக் காட்டினாள். இரண்டு டாக்சி ஓட்டுநர்கள் பாடியது ஒன்று. மாற்றி மாற்றித் தங்கள் வண்டியின் பெருமையைச் சொன்னார்கள், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவே இல்லை. கவுண்டரில் ஒரே நேரத்தில் பேசும் இரண்டு வாடிக்கையாளர்களைப் போல இருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மூன்று பெண்கள் பாடியது இன்னொன்று. ஒருத்திக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், கனமான போர்வையைப் பிழியும்போது கை மாற்றிக்கொள்வோமே, அப்படி. அதை மறுபடி போடச் சொன்னேன். வாலு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். பாட்டுக்காக அல்ல, யாரெல்லாம் கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வாலுவும் அந்தப் பையனும் பாடியதை அவளுடைய போனில் பல முறை கேட்டேன். எங்கள் வீட்டைக் காட்டிக் கொடுக்கும் சொல் இன்னும் எத்தனை இருக்கிறது என்று தேடித் தேடிக் கேட்டேன். கறையைத் தேடுகிறவள் துணி முழுவதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தானே வேண்டும். அப்படிப் பார்த்ததில் வேறு விஷயமும் கண்ணில் பட்டது. அவள் பாட ஆரம்பித்ததும் அவன் ஒதுங்கிவிடவில்லை. அவள் சொல்லும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மிக மெதுவாக "ம்" என்கிறான். முதலில் அது எனக்குக் கேட்கவே இல்லை. சாவு வீட்டில் விவரம் சொல்கிறவரிடம் சொந்தக்காரர்கள் கொட்டுவார்களே, அந்த "ம்". அவள் பாடியது வந்த பிறகு அதை மட்டும் தனியாகச் சேர்த்தானாம். என்ன பாடல் இது என்று அந்த இடத்தையே மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த நேரத்திலும் பயம் குறையவில்லை. நன்றாக இருக்கிற பாட்டுத்தானே நாலு பேர் காதுக்குப் போகும்.

எடுத்துவிடு என்றேன். தனியாக எடுக்க முடியாது, சேர்ந்து பாடியதை இருவரும் சம்மதித்துத்தான் எடுக்க வேண்டும், அது எங்களுக்குள் இருக்கிற முறை என்றாள். எங்கள் முறையை உடைத்தவள் அவர்கள் முறையைப் பற்றி எனக்குச் சொல்கிறாள்.

மறுநாள் அந்தப் பையனையே வரவழைத்தேன். டயர் கடையில் வேலை. கையெல்லாம் கறுப்பு, கழுத்து மட்டும் குச்சி போல. கவுண்டருக்கு வெளியிலேயே நின்று, "வணக்கம் அத்தை" என்றான்.

"யாருக்கு யாரு அத்தை?"

பையன் விழித்தான். வாலு தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். நான் நிலைமையைச் சொன்னேன். அவன் வாதாடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் வாதாடவில்லை. பட்டன் விஷயம் பாட்டுக்காக அவள் சொன்ன கற்பனை என்று அதுவரை நினைத்திருந்தானாம். நிஜம் என்று தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"எடுத்துடறேன்மா. எங்க அண்ணன் போனது போதும்."

அன்றே எடுத்தும்விட்டான். அவன் பாடிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பழையபடி காலி இடமாக விட்டான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் காலிப் பாட்டு இஸ்திரிக்காரரின் டப்பாவிலிருந்து கேட்டது. ஒருத்தருக்குமா தெரியல என்று கேட்டுவிட்டுத் தாளம் மட்டும் ஓடியது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் கணக்கே இல்லாமல் பழைய ஹேங்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ பிடுங்கிட்டான்க்கா. நல்ல பாட்டைக் கெடுத்துட்டானுங்க. நல்லவேளை, நான் பழசை எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். சொன்ன கையோடு அதைப் போட்டார். மனிதர் கொஞ்சம் வீம்பாகவே சத்தத்தைக் கூட்டினார்.

நிறுத்துங்கள் என்று நான் உள்ளே திரும்பியபோது வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. கிடங்கு முதலாளியின் டிரைவர் வாரத் துணிகளோடு நின்றார். பட்டன் என்ற சொல் கடை முழுக்கக் கேட்டது. டிரைவர் துணியைக் கவுண்டரில் வைத்தார், இஸ்திரி மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தார், ரசீதுகூட வாங்காமல் போனார்.

அதன் பிறகு இரண்டு நாளும் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வந்தது யார் என்று எட்டிப் பார்த்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. வாலுவைத் தனியாக வெளியே அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பட்டன் டப்பா கலைந்து கிடக்கிறது, அடுக்கு என்றேன்.

முதலாளியே வந்தார். வழக்கமாக அவர் காரை விட்டு இறங்குகிறவர் இல்லை. கதவைத் தானே மெதுவாகச் சாத்தினார். நலம் விசாரித்தார். என் அப்பாவைத் தெரியும், அவருடைய நாணயம் தெரியும், இந்தக் கடையில் சொல் வெளியே போகாது என்பதால்தான் இத்தனை வருடமாக இங்கேயே துணி போடுவதாகச் சொன்னார். உள்ளே பட்டன்கள் டப்பாவில் விழும் சத்தம் கேட்டது. வாலு அடுக்கிக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு பெண் இருக்கிறாள் என்று அவர் கவனித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. ஆனா உங்க இஸ்திரிக்காரருக்குக் கொஞ்சம் வாய் நீளம் போல. அவருக்கு ஒரு பொண்ணு இருக்காமே. காலேஜ்ல நல்லாப் பாடுமாமே."

நான் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"நீங்க எதுவும் செய்ய வேண்டாம். அந்தாளு வேலையை விட்டு நிறுத்திருங்க, போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மிகச் சாதாரணமாகச் சொன்னார், கறையை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது போல. இஸ்திரி மேசையிலிருந்து வரும் நீராவிச் சத்தம் நின்றுவிட்டது. அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. டப்பாவில் பட்டன் விழும் சத்தமும் நின்றது.

நான் தலையாட்டியிருந்தால் போதும். தலையைக்கூட ஆட்ட வேண்டாம், சும்மா நின்றிருந்தால் போதும். எங்கள் கடையின் வழக்கமே அதுதான். எங்கள் பிள்ளை தப்பித்திருப்பாள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் மேல் எங்கள் வீட்டுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் கடையிலிருந்து சொல் வெளியே போகாது என்று நான் நிமிர்ந்து நின்றிருக்கலாம். கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அவர் பொண்ணு இல்லைங்க. அது எங்க வீட்டுக் குரல். பட்டனைத் தைச்சதும் எங்க வீட்டுக் கை. கோட்டைத் துவைச்சது நான்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான்."

"சரிம்மா" என்றார். கோபமே படவில்லை. "கோட்டு நல்லாத் துவைச்சிருந்தீங்க." கதவை அதே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். கார் கிளம்பவில்லை. எதிர்ச் சாரியில் அப்படியே நின்றது.

இஸ்திரிக்காரர் ஓடி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாலு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதட்டில் ரத்தமே இல்லை. தம்பி ஈரக் கையோடு வந்து, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, பெத்தவன் நான் இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். பதில் சொல்ல நேரமில்லை.

இனி இதை மூடி வைக்க முடியாது. பாட்டில் சொன்னதைப் பாட்டென்று தள்ளிவிடுவார்கள். விசாரணை அலுவலகம் மூடுவதற்குள் போய் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். சொன்ன பிறகு எங்களைத் தொட்டால் ஏன் என்று ஊருக்கே தெரியும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்தப் பையனுக்குப் போன் போடச் சொன்னேன். இஸ்திரிக்காரர் தானும் வருவதாகச் சொன்னார். நீங்கள் பெண்ணை அழைத்து வரக் கல்லூரிக்குப் போங்கள் என்று அனுப்பினேன். போகும்போது, "ரெண்டு காதும் இருந்தும் நம்ம வாலு குரல்னு தெரியாமப் போச்சேக்கா" என்று அழுதார். சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சலவை அறையின் பின்வழியாக நானும் வாலுவும் வெளியே வந்தோம். தம்பி கடையைத் திறந்தே வைத்து, உள்ளே ஆள் இருப்பது போல எல்லா மெஷின்களையும் ஓடவிட்டான். தெரு முனையில் பையன் டயர் கடை உடையோடு காத்திருந்தான். மூவரும் நடந்தோம். நான் ஓடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தெருவில் ஓடியதில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் பின்னால் ஒரு கார் மிக மெதுவாக வருவது கேட்டது. திரும்பிப் பார்க்காதே என்று வாலுவிடம் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பற்றியிருந்தாள், நகம் பதிந்தது. இந்தப் பக்கம் வந்த பையன், எதுவும் கேட்காமல், சாலையை ஒட்டிய ஓரத்துக்கு மாறிக்கொண்டான். அத்தை என்று கூப்பிட்டால் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் இருந்த எழுத்தர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். என்ன விஷயம் என்றார். கிடங்குத் தீ என்றேன். பேனாவைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். சேர்ந்து சொல்லலாமா என்று வாலு கேட்டாள். அதெல்லாம் கிடையாது, ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். இறந்தவருடைய தம்பி என்பதால் பையனை முதலில் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். கனமான மரக் கதவு, உள்ளே பேசுவது ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. முதலாளியின் சாம்பல் நிறக் கார் எதிரே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

"அத்தை, அவன் உள்ள என்ன சொல்றான்னே கேக்கலையே. எங்க நிறுத்துவான்னு தெரிஞ்சாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்."

"கண்டதைச் சொல்லு. தாளம் தேவையில்ல."

"பயமா இருக்கு."

எனக்கும்தான் என்று நான் சொல்லவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். காரின் கதவு ஒன்று திறந்தது. டிரைவர் இறங்கி, அலுவலகத்தின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து படித்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மரக் கதவு திறந்தது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்தது யார் என்று எழுத்தர் கேட்டார்.

வாலு எழப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, நான் எழுந்தேன்.